வாசகர் கேள்வி – பதில்: மலைக்குளிரில் தக்காளி

கேள்வி: ஏலகிரி அத்தனாவூரில் வீட்டுத்தோட்டம் போட்டிருக்கிறோம். கார்த்திகையில் நட்ட தக்காளி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகிவிட்டது. பூ எடுக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. அதே நாற்றை அதே வாரம் நட்ட என் அண்ணன் திருப்பத்தூரில் கூடை கூடையாகப் பறிக்கிறார். உரம் போதவில்லையா?

பதில்: உரம் போதும், பருவம்தான் தவறிவிட்டது. திருப்பத்தூரைவிட ஏலகிரி ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதால், அண்ணன் தோட்டத்தைவிட உங்கள் தோட்டம் 4 முதல் 5 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். பகலில் அது பெரிதாகத் தெரியாது. இரவில்தான் வினையே. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரியாக உருவாகாது. கருவுறாத பூ காம்போடு உதிர்ந்துவிடும். தப்பிப் பிடிக்கும் ஒன்றிரண்டு காயும் கோணலாக, அடியில் தழும்போடு வரும்.

ஊதா நிறத்துக்குக் காரணம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. ஆனால் மண்ணில் மணிச்சத்து இல்லை என்று அர்த்தமில்லை. மண் சில்லிட்டிருந்தால் வேரால் அதை எடுக்க முடியாது. இந்த நேரத்தில் மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிக் கொட்டாதீர்கள். வெயில் ஏறி மண் சூடானதும் புதுத்துளிர் தானே பச்சையாக வரும்.

கீழ்நாட்டுக் கணக்கை மலையில் அப்படியே பின்பற்ற வேண்டாம். ஜனவரி முதல் வாரத்தில் மூடிய இடத்தில் நாற்று விடுங்கள், பிப்ரவரி நடுவில் நடுங்கள். மார்ச்சில் பூக்கும், ஏப்ரல் கடைசியிலிருந்து பறிக்கலாம். வேலூரிலும் திருப்பத்தூரிலும் வெயிலில் தக்காளி காய்ப்பு விழுகிற சித்திரை, வைகாசியில் உங்கள் செடி நன்றாகக் காய்க்கும். மலையில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இது. வீணாக்காதீர்கள்.

கேள்வி: ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் இருந்து எழுதுகிறேன். தை மாதம் விதைத்த தக்காளி விதை இரண்டு வாரமாகியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் பாதி அழுகியிருக்கிறது. விதை பழையதா?

பதில்: விதையைக் குறை சொல்ல வேண்டாம். 25 முதல் 30 டிகிரியில் ஆறேழு நாளில் முளைப்பது, 15 டிகிரியில் இரண்டு வாரம்கூட எடுக்கும். அத்தனை நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்?

முளைக்கும் வரை விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. 98 குழி கொண்ட குழித்தட்டில் ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை நிரப்புங்கள். கையால் அழுத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டுமே வர வேண்டும். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை வைத்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் சுற்றி, சமையலறையில் அடுப்புச் சூடு எட்டும் மூலையில் வையுங்கள். நான்காம் நாளிலிருந்து காலை மாலை திறந்து பாருங்கள். முதல் முளை தலை காட்டியதும் எல்லாத் தட்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் தண்டு நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும்.

கீழே 25 நாளில் நடும் நாற்று இங்கே 35 நாள் வரை கேட்கும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு பகலில் வெளியே வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, குளிருக்குப் பழக்குங்கள். நடும் இடம் பள்ளத்தில் வேண்டாம். இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். கிழக்கு பார்த்த மேடு நல்லது. ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டால் மண் சீக்கிரம் சூடாகும்.

வைக்கோல் மூடாக்கை நட்டவுடன் போடக் கூடாது. அது வெயிலைத் தடுத்து மண்ணைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும். மார்ச் கடைசியில் போடுங்கள். அதுவரை 25 மைக்ரான் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்தால் மண் சூடாகும், களையும் வராது. தண்ணீரைக் காலையில் வெயில் ஏறிய பிறகு விடுங்கள். இரவெல்லாம் மேல்தொட்டியில் சில்லிட்ட தண்ணீரைவிட, அப்போதே கிணற்றிலிருந்து இறைத்தது வெதுவெதுப்பாக இருக்கும்.

மூங்கில் வளைவு நட்டுப் பாலித்தீன் தாள் போர்த்தினால் இரவுக் குளிர் ஓரளவு குறையும். ஆனால் காலை ஒன்பதுக்குள் இருபக்கமும் தூக்கிவிடுங்கள். மூடியே கிடந்தால் மலையிலும் மதியம் உள்ளே 40 டிகிரி தாண்டி, பூவெல்லாம் கருகிவிடும்.

கேள்வி: ஜவ்வாது மலை பீஞ்சமந்தையில் மழையும் மூடுபனியும் விடாத நாட்களில் தக்காளி இலை ஓரம் வெந்ததுபோல் கறுத்து, நாலே நாளில் செடி முழுக்க பரவிவிட்டது. பச்சைக் காயிலும் பழுப்புத் திட்டு இருக்கிறது.

பதில்: இது பின்பருவ இலைக்கருகல். விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள், கருகலின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரியும். ஈரம் காயாத இலையும் 10 முதல் 25 டிகிரிக் குளிர்ச்சியும் சேர்ந்தால் போதும், காட்டுத்தீபோலப் பரவும். தண்டு கறுத்த செடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். உருளைக்கிழங்கையும் இதே நோய் தாக்கும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

மிச்சச் செடிகளுக்கு ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து வடிகட்டுங்கள். சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை அதில் ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். படியவில்லை என்றால் சரி. அன்றே தெளித்து முடியுங்கள், மறுநாளுக்கு உதவாது. கடைமருந்து என்றால் மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். இரண்டுமே நோய் வருமுன் காப்பவை, வந்த திட்டை ஆற்றாது. எனவே மூடுபனி தொடங்கும்போதே முதல் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி வரை இலைகளைக் கிள்ளி, செடிக்கு இரண்டடி இடைவெளி விட்டு, குச்சி ஊன்றிக் கட்டினால் பாதி நோய் அண்டாது. ரகத்தில் அர்கா அபேத் இந்த நோயைத் தாங்கும்.

கேள்வி: வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியை ஏலகிரியில் வளர்க்கலாமா? வெண்டையும் போட ஆசை.

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரிக்கு அதன் ஊர் வெயில்தான் பலம். தக்காளியைவிடக் கத்தரி அதிகச் சூடு கேட்கும். இரவு 17 டிகிரிக்கு மேல் நிலைக்கும் காலம் பார்த்து, மார்ச் நடுவில் நடுங்கள். மேற்கு பார்த்த சுவரோரம் சிறந்தது, பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் விடும். காய்க்கும், ஆனால் இலவம்பாடியின் ருசியை அப்படியே எதிர்பார்க்க முடியாது. வெண்டையை மாசிக்கு முன் விதைக்காதீர்கள், குளிர்ந்த மண்ணில் விதை அழுகிவிடும். ஓரிரவு ஊறவைத்து ஊன்றுங்கள்.

கேள்வி: காட்பாடி மாடித்தோட்டம். மே மாதம் தக்காளிப் பூ கொட்டுகிறது.

பதில்: உங்களுக்கு நேர்மாறான சிக்கல். பகல் 35 டிகிரியும் இரவு 25 டிகிரியும் தாண்டினால் அப்போதும் மகரந்தம் கெடும். 35 சத நிழல்வலை செடியைக் காக்கும், காயைத் தராது. ஆடிக்குப் பிறகு புதிதாக நடுங்கள்.

கேள்வி: குளிரில் பழுக்காமல் நிற்கும் காய்களை என்ன செய்வது?

பதில்: 10 டிகிரியை ஒட்டிய குளிரில் சிவப்பு நிறம் ஏறாது. அடிப்பக்கம் லேசாக வெளுத்து மினுமினுக்கும் காய்களை மட்டும் காம்போடு பறியுங்கள். கரும்பச்சைக் காய் பழுக்காது, அதைக் கூட்டு, தொக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பறித்ததைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஒரு பழுத்த வாழைப்பழம் சேர்த்து மூடி, 20 டிகிரிக்குக் குறையாத அறையில் வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் சிவக்கும். நாள்தோறும் பார்த்து அழுகியதை எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது.