கார் சீட்: குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும்? வாசகர் கேள்வி–பதில்

எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. எடை 9 கிலோ. இதுவரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறாள். கால் நீட்ட இடமில்லாமல் மடக்கிக்கொள்கிறாள். முன்பக்கம் திருப்பிவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

திருப்பாதீர்கள். கால் மடங்குவதை வைத்து இதை முடிவு செய்யவே கூடாது. இந்த வயதுப் பிள்ளைகள் தரையில்கூடக் காலை மடக்கித்தான் உட்காருகிறார்கள். கார் சீட்டிலும் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், அல்லது எதிரே இருக்கும் சாய்மானத்தில் பாதத்தை ஊன்றிக்கொள்வார்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை.

நாம் காப்பாற்ற வேண்டியது கழுத்தை. ஒரு வயதில் உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, கனமும் அதிகம். கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகவில்லை, இடையிடையே குருத்தெலும்புதான். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கையில் கார் நேருக்கு நேர் மோதினால், வார் உடம்பைப் பிடித்துவிடும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது பாயும் விசை முழுக்கக் கழுத்தை இழுக்கும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகுப் பகுதியில் பதியும், அடி பரவிவிடும்.

குழந்தை கார் சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி 15 மாதம் தாண்டும்வரை திருப்பக் கூடாது என்கிறது. அது குறைந்தபட்ச வயது மட்டுமே. ஸ்வீடனில் 4 வயதுவரை பின்பக்கம் பார்த்தே உட்கார வைப்பது வழக்கம். உங்கள் சீட்டின் பின்நோக்கு எடை வரம்பை மகள் தாண்டினாலோ, உச்சந்தலை சீட்டின் மேல்விளிம்பை நெருங்கினாலோதான் அந்த சீட் போதாமல் போகும். பல கையேடுகள் தலைக்கு மேல் 2.5 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. அப்போதும் முதல் யோசனை, பின்நோக்கு வரம்பு அதிகமுள்ள வேறு சீட் கிடைக்குமா என்பதாக இருக்கட்டும்.

‘0 முதல் 36 கிலோ வரை’ என்று போட்ட ஒரே சீட்டை வாங்கினால் பல வருடம் ஓடும் என்கிறார் கடைக்காரர். எங்கள் கார் பழையது, ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் சீட்டை நேரடியாக மாட்ட காரிலேயே இருக்கும் கம்பி) இருக்கிறதா என்றும் தெரியவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

36 கிலோ என்பது அந்த சீட்டின் மொத்த எல்லை. பின்பக்கம் பார்த்து எத்தனை கிலோவரை உட்காரலாம் என்பது லேபிளில் தனியாக, சின்ன எழுத்தில் இருக்கும். சிலவற்றில் 9 அல்லது 10 கிலோவோடு முடிந்துவிடும், பலவற்றில் 13, சிலவற்றில் 18. ஒரே விலையில் இரண்டு சீட் இருந்தால் இந்த எண் பெரிதாக உள்ளதை எடுங்கள். மெத்தையின் பருமனும் கப் ஹோல்டரும் இதற்கு அப்புறம்தான்.

ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும், ஆர்44/04 (ஐ.நா.வின் பழைய விதி) அல்லது ஆர்129 என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. இதில் எதுவுமே இல்லாத சீட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மோதலில் சிக்கியதா என்று உறுதியாகத் தெரியாத பழைய சீட்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் விழுந்த மயிரிழை விரிசல் மேல்துணிக்கு அடியில் மறைந்திருக்கும்.

ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க, பின் சீட்டின் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டால் இருக்கிறது. இல்லையென்றால் கவலை வேண்டாம். பெல்ட்டால் மாட்டும் சீட்டைச் சரியாக இறுக்கினால் அதுவும் நல்ல பாதுகாப்புத்தான்.

வாங்கும் முன் காரைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கைக்குழந்தை சீட்டுக்குப் பெல்ட் முதுகுப்பக்கம் சுற்றி வர வேண்டும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின் பெல்ட்டின் நீளம் இதற்குப் போதாது. பெல்ட்டை நீட்டும் துண்டு வாங்கிச் சேர்க்கக் கூடாது. தரையில் ஊன்றும் கால் உள்ள சீட் என்றால், அந்த இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கக் கூடாது, மூடி உள்ளே அமுங்கிவிடும்.

பெல்ட்டால் இறுக்கித்தான் மாட்டுகிறேன். ஆனாலும் வளைவில் சீட் சாய்கிறது. என்ன தவறு?
– வாசகர், சேலம்

பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, பெல்ட் போகும் வழி. ஆர்44 சீட்டுகளில் பின்நோக்கி மாட்டும்போது நீல நிறக் குறிகள் வழியாகத்தான் போக வேண்டும், சிவப்பு முன்நோக்கி மாட்டுவதற்கு. இரண்டாவது, பெல்ட்டின் தொய்வு. சீட்டை உள்ளங்கையால் மெத்தைக்குள் நன்றாக அழுத்திக்கொண்டே, முதலில் இடுப்புப் பெல்ட்டின் தொய்வை இழுத்து எடுங்கள், பிறகு தோள் பெல்ட்டை. காரின் பெல்ட் திடீர் இழுப்பில்தான் பூட்டிக்கொள்ளும், சாதாரண நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். அதனால் சீட்டில் பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருந்தால் அதை மூட மறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் பலர் கண்ணில் படாதது. காரின் பக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் ஏறி வளைந்து நின்றால், அந்த இடத்தில் பெல்ட் இறுகவே இறுகாது. மோதலில் பக்கிள் உடையவோ திறந்துகொள்ளவோ கூடும். இப்படி இருந்தால் பின் சீட்டில் வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் அந்த சீட் உங்கள் காருக்கு ஒத்துவராது.

சோதிக்கும்போது சீட்டின் உச்சியை ஆட்டிப் பார்க்காதீர்கள். பின்நோக்கிய சீட்டில் உச்சி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சாய்வுக் கோணத்தைச் சமதளத்தில் காரை நிறுத்திப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 45 டிகிரி வேண்டும். அதைவிட நிமிர்ந்தால் தலை முன்னால் தொங்கி, தாடை மார்பில் பட்டு மூச்சுக்குழாய் அழுந்தும்.

தனியாக ஓட்டும்போது குழந்தையை முன் சீட்டில், என் பக்கத்தில் வைக்கலாமா?
– வாசகி, கோவை

ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் ஒருபோதும் கூடாது. ஏர்பேக் வெடித்து விரிவது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள சீட் ஓட்டின் மேல்தான், அந்த அடி உயிரைப் பறிக்கும். 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம், அதை அணைக்கும் சுவிட்ச் பல கார்களில் கிடையாது. பின் சீட்டின் இடது ஓரம்தான் நல்லது, நடைபாதைப் பக்கம் இறக்கலாம். அழுதால் காரை ஓரங்கட்டிவிட்டுப் பாருங்கள்.

பத்து நிமிடத் தூரம்தானே, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என் அம்மா. எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

கணக்காகச் சொல்லுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி 0.1 விநாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தச் சராசரியாக 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தக் கைக்கும் அது முடியாது. ஒரே பெல்ட்டுக்குள் இருவரும் உட்கார்வது இன்னும் ஆபத்து, பெரியவரின் உடம்பு குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ கார் சீட்டோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

வார் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? விசேஷத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டினால் கால் நடுவே வரும் வார் மாட்டவே முடியவில்லை. பக்கிளும் பால் கொட்டி ஒட்டிக்கொள்கிறது.
– வாசகி, மதுரை

பின்பக்கம் பார்க்கும் சீட்டில் தோள்வார் குழந்தையின் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். மாட்டி இழுத்த பிறகு, தோளருகே வாரை இரண்டு விரலால் நீளவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிக்க வந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது. முறுக்கு இல்லாமல் தட்டையாகக் கிடக்கட்டும்.

பாவாடையைத் தொடைக்கு மேலே சுருட்டிவிட்டு, கால்களுக்கு நடுவே வாரைப் போட்டு, பக்கிள் பூட்டியபின் மேலே இழுத்து மூடுங்கள். இன்னும் நல்லது, மண்டபத்துக்குப் போய்க் கட்டிவிடுவது. முதுகுக்குப் பின்னால் தலையணை, டர்க்கி டவல் எதுவும் வேண்டாம், குழந்தையைத் துணியில் சுற்றியும் உட்கார வைக்காதீர்கள். மோதும்போது அவை அமுங்கி, அந்த அளவுக்கு வார் தொய்ந்துவிடும்.

பக்கிளுக்குத் தேங்காயெண்ணெய் போடாதீர்கள், தூசி சேர்ந்து பூட்டே பிடிக்காமல் போகும். கையேடு அனுமதித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கிளை மட்டும் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாரைச் சோப்பில் ஊறவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். உலர்ந்ததும் வாரின் நுனியிலுள்ள நாக்கைப் பக்கிளில் செருகி, ‘டக்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள்.