ஒரு வயதுக் குழந்தைக்குப் பசும்பால்: எப்போது, எவ்வளவு?

பாலக்காட்டு எல்லையில், வீட்டுக்கு வீடு மாடு இருக்கும் ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

வீட்டில் மாடு கறக்கிறது. மகளுக்குப் பத்து மாதம். பாதிப் பால், பாதித் தண்ணீர் கலந்து கொடுக்கலாம் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா டாக்டர்? (வண்ணாமடை)

இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் அம்மா. ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலின் இடத்தில் பசும்பால் வரக் கூடாது. அதில் புரதமும் உப்புகளும் அதிகம், பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் வரும். தண்ணீர் கலந்தால் சத்துதான் குறையும், இந்தக் கசிவு நிற்காது. ஆனால் வீட்டுத் தயிரைச் சோற்றில் குழையப் பிசைந்து இப்போதே கொடுக்கலாம். அதைப் பாட்டியே ஊட்டட்டும்.

ஒரு வயதான பிறகு தண்ணீர் கலக்க வேண்டாம். கறந்த சூட்டோடு கொடுக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. காய்ச்சாத பால் வழியாக புருசெல்லா காய்ச்சலும் காசநோயும் வரலாம். பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், தீயைத் தணித்து, கிளறிக்கொண்டே இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள்.

பையனுக்கு ஒன்றரை வயது. நாளுக்கு நான்கு பாட்டில் பால் குடிக்கிறான். சோறு என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். கொஞ்ச நாளாக மண் தின்கிறான். (கொழிஞ்சாம்பாறை)

என்னைக் கவலைப்பட வைத்த கடிதம் இது. கால் லிட்டர் பாட்டில் என்றால் நான்கு பாட்டில் ஒரு லிட்டர். அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் பாலிலேயே வந்துவிடுகிறது, அப்புறம் பசி எங்கிருந்து வரும்? ஆனால் ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. இந்த வயதில் நாளுக்கு 7, 8 மில்லிகிராம் வேண்டும். போதாததற்கு, பாலின் கால்சியம் மற்ற உணவில் உள்ள இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

மண் தின்பது ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் நாள் கடத்தாதீர்கள். வெளுக்காவிட்டாலும் இந்த வாரமே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். இரும்பு டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் ஆபத்து.

பாலை நாளுக்கு 400 மில்லி, மிஞ்சினால் 500-க்குள் நிறுத்துங்கள். முதலில் ராத்திரி பாட்டிலை எடுங்கள், அது பல்லையும் சொத்தையாக்கும். மீதியை டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரண்டு மூன்று நாள் அழுவான், விட்டுக்கொடுக்காதீர்கள். பசி வரும்போது முட்டை, மீன், பருப்புச் சாதம், கீரை வையுங்கள். கூட ஒரு சுளை ஆரஞ்சோ சிறு துண்டு கொய்யாவோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியைக் காய்ச்சிக் கொடுக்கலாம். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, மேலே போட வேண்டாம்.

எந்தப் பாக்கெட் பால் வாங்குவது? (மீனாட்சிபுரம்)

மில்மாவோ ஆவினோ, எதுவானாலும் சரி. உறையில் கொழுப்பு அளவைப் பாருங்கள்: டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5. இரண்டில் எதுவும் போதும். கொழுப்பு நீக்கிய பால் மட்டும் இரண்டு வயது வரை வேண்டாம்.

பசும்பால் குடித்த சற்று நேரத்தில் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஆட்டுப்பாலுக்கு மாற்றலாமா? (வேலந்தாவளம்)

மாற்றாதீர்கள். இது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். பசும்பாலின் புரதமும் ஆட்டுப்பாலின் புரதமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒத்துக்கொள்ளாது. நாட்டு மாட்டின் ஏ2 பாலும் அப்படியே. குழந்தை மருத்துவர் பார்க்கும்வரை பால், தயிர், பால் சேர்த்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.