மேல்கைச் சொரசொரப்பு தேய்த்தால் போகுமா?

கேள்வி: எனக்கு வயது 23. பள்ளியில் படிக்கும்போதிருந்தே இரண்டு மேல்கைகளிலும் தொடைகளிலும் உரித்த கோழித்தோல் போலச் சிறு புடைப்புகள் இருக்கின்றன. அரிப்போ வலியோ இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் அதிகமாகின்றன. அம்மா பீர்க்கங்கூடு கொண்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் சிவப்பு அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. இது மற்றவர்களுக்கு ஒட்டுமா? முழுவதும் போகுமா?
- ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இது ஒட்டாது. நீங்கள் சொல்லும் குறிகள் எல்லாம் 'கெரடோசிஸ் பைலாரிஸ்' என்று தோல் மருத்துவர்கள் அழைக்கும் நிலையோடு பொருந்துகின்றன. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதம் மயிர்க்காலின் வாயில் திரண்டு அடைத்துக்கொள்வதால் ஒவ்வொரு புடைப்பும் உண்டாகிறது. பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் சிலவற்றினுள்ளே சுருண்டு கிடக்கும் முடிகூடத் தெரியும். அழுக்கோ உடற்சூடோ இதற்குக் காரணமில்லை. பெரும்பாலும் குடும்பத்தில் இறங்கி வருவது என்பதால், அம்மாவின் மேல்கையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இதை முதலில் வளர்ப்பது வறட்சிதான். மேற்கு மலையின் மழைமறைவில் இருக்கும் உங்கள் பக்கத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில் உங்கள் கை சொரசொரப்பது அதனால்தான். குளிப்பது உப்புத் தண்ணீராக இருந்தால், சோப்பு நுரைக்கவில்லையென்று கூடுதலாகப் போட்டு வறட்சியை இன்னும் வளர்த்துவிடுகிறோம்.

பீர்க்கங்கூட்டை இன்றே நிறுத்துங்கள் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தேய்த்த அன்று வழவழப்பாகத் தோன்றினாலும், அந்த உராய்வில் மயிர்க்கால்கள் சிவந்து, நம்மைப் போன்ற நிறத்தவருக்குக் கரும்புள்ளிகளாகி, மாதக்கணக்கில் மறையாமல் நிற்கும். கொதிக்கும் வெந்நீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன்னே யூரியா 10 முதல் 20 சதவீதம் அல்லது லாக்டிக் அமிலம் 12 சதவீதம் வரை உள்ள க்ரீமைத் தடவுங்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், எரிச்சல் இல்லையென்றால் தினமும். தேங்காய் எண்ணெய் ஈரத்தைக் காக்குமே தவிர அடைப்பைக் கரைக்காது. பலன் தெரிய ஆறேழு வாரமாவது ஆகும். நிறுத்தினால் மெல்லத் திரும்பும் என்பதால், பல் தேய்ப்பதைப் போல இதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் களிம்புதான் எனக்குக் கவலை தருகிறது. தடவியதும் சிவப்பு அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறதென்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். ட்யூபின் மேல் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். அவை அடைப்பை நீக்குவதில்லை. நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து வரிகள் விழும், அவை மறைவதும் அரிது. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-இல் விதி வந்த பின்னும் கடைகளில் எளிதாகக் கிடைப்பது வேதனை.

முழுவதும் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வழவழப்பாக்கலாம், பலருக்கு முப்பது வயதையொட்டித் தானாகவே தணிகிறது. கல்யாணத்துக்குத் தடையாக நிற்கும் நோயன்று இது. அரைக்கைச் சட்டை போடத் தயங்கவும் வேண்டாம்.

புடைப்பின் நடுவில் குழி விழுந்தாலோ, சீழ் வைத்தாலோ, அரிப்பு தொடங்கினாலோ, முழங்கையிலும் முழங்காலிலும் தடித்து மாலையில் கண்ணும் மங்கினாலோ அது வேறு கோளாறாக இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற மருந்து எழுதினால், கல்யாணம் நெருங்குவதைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கருவுற்றிருக்கும்போதும், கருத்தரிக்க முயலும்போதும் அவற்றைத் தடவக் கூடாது.