பெனால்டிக்காகப் புது டிஸ்க் வாங்கலாமா?

கேள்வி: மகனுக்கு 15 வயது. வீட்டில் பிளேஸ்டேஷன் 4-உம் ஃபிஃபா 23 என்ற உதைபந்தாட்ட கேம் டிஸ்க்கும் இருக்கின்றன. புதிதாக வந்ததை வாங்கித் தரச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். பழையதில் பவுலே விழுவதில்லையாம், பெனால்டி கிடைப்பதில்லையாம், கோலடிக்கப் போனவனை விழுத்தினாலும் மஞ்சள் அட்டைதானாம். யாழ்ப்பாணம் குருநகரில் விளையாடி வளர்ந்த எனக்கும் அதைப் பார்த்தால் உதைபந்தாட்டம் மாதிரித் தெரியவில்லை. காசைக் கொடுத்தால் இது சரிவருமா?

பதில்: ஐயா, அதற்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஈஏ நிறுவனம் ஃபிஃபா என்ற பெயரில் விட்ட கடைசி கேம் 23தான். 2023 முதல் அதே நிறுவனம் எஃப்.சி. என்ற பெயரில் விற்கிறது. பெயர் மாறியதே தவிர, உங்கள் மகன் சொல்லும் குறை பெயரோடு போய்விடவில்லை.

பவுல் ஏன் குறைவு என்று பார்ப்போம். உண்மையான ஆட்டம் 90 நிமிடம். அதில் இருபதுக்கு மேல் பவுல் விழுவது சாதாரணம். கேமில் ஒரு பாதியை ஆறு நிமிடத்தில் முடிக்கிறோம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இருபது பவுல் என்றால் விசில் சத்தம்தான் மிஞ்சும், ஆட்டம் இருக்காது. ஆகவே கேம் செய்பவர்கள் வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள். கொம்பியூட்டர் ஆடும் அணி பவுல் செய்வது இன்னும் அரிது, அது பழைய முறைப்பாடு. பாதி நேரத்தைப் பத்து நிமிடமாக்கிப் பாருங்கள், பவுலும் அட்டையும் ஓரளவு கூடும். அப்படியே அமைப்புகளுக்குள் போய் ஹேண்ட்பால், அதாவது பந்து கையில் படும் பவுல், எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். மூன்று தெரிவுகள் இருக்கும்: இல்லை, உண்டு, உண்டு ஆனால் பெனால்டி கிடையாது. கடைசித் தெரிவில் கிடந்தால் கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பெட்டிக்குள் கையில் பட்டும் பெனால்டி வராது. காயம், அட்டை இரண்டையும் அதே இடத்தில் போடலாம், நிறுத்தலாம். இவையெல்லாம் வீட்டில் ஆடும்போதுதான். 23-ஐ ஒன்லைனில் ஆட முடிந்த காலத்தில் ஈஏ வைத்ததுதான் சட்டமாக இருந்தது.

மஞ்சள் அட்டை விஷயத்தில் உங்கள் மகனை விட கேம்தான் சரி. 2016-இல் விதி மாறியது. பெட்டிக்குள் பந்தை எடுக்க உண்மையாக முயன்று, கோல் வாய்ப்பைக் கெடுத்தால் பெனால்டியோடு மஞ்சள்தான். பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்பு. நீங்கள் விளையாடிய காலத்தில் இரண்டுக்கும் சிவப்பு என்பதால் உங்களுக்கும் பிழையாகத் தெரிந்திருக்கும்.

பெனால்டி உதைப்பதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லையா? 23-இல் பந்தைச் சுற்றி ஒரு வளையம் சுருங்கி விரியும். சுருங்கிய நேரம் பார்த்து அடித்தால் குறி தப்பாது. 11 மீற்றரில் நின்று கால் நடுங்குவதற்குப் பதில் அந்த வளையம், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கும்.

கேள்வி: அவனுடைய தம்பிக்கு 9 வயது, இடித்து விழுத்தும் ஆட்டம்தான் வேண்டுமாம். அதற்கு ஏதாவது உண்டா?

பதில்: நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் மெஷின் இருந்தால் 2022-இல் வந்த மரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்: பேட்டில் லீக். பவுலே கிடையாது, எதிராளியை மின்வேலியில் இடித்துத் தள்ளலாம். இருக்கும் மெஷினில் அது ஓடாது. இதற்காக ஒரு மெஷின் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டவுனில் பாவித்த டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பலாம், பார்த்து வாங்கினால். கீறலைப் பாருங்கள், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும், கேமில் கூடுதல் பொருள் தரும் இலவசக் குறியீடு பெரும்பாலும் முதல் ஆள் பாவித்ததாக இருக்கும், அதற்குச் சேர்த்து விலை சொன்னால் கொடுக்காதீர்கள். ஒருமுறை நானே அப்படி ஏமாந்தேன், பில் இல்லாததால் வாய் திறக்க முடியவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பிரச்சினை வந்தால் அந்தச் சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அப்புறம், வீட்டில் உள்ள அந்த 23 டிஸ்க்கை விற்றுவிடாதீர்கள். ஃபிஃபா பெயர் கொண்ட பழைய கேம்களை 2023 செப்டெம்பரில் ஒன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி அது டிஸ்க்காகத்தான் கிடைக்கும். நாளைக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கினாலும் டிஸ்க் போடும் வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.