உப்புக் காற்றும் இடப்பக்கம் இழுக்கும் காரும்: வாசகர் கேள்வி – பதில்

விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாகச் சேரும்போது, வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கணினியை மறுபடியும் எல்லோரும் தேடுகிறார்கள் என்பது இம்முறை வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. தொண்டியிலிருந்து கீழக்கரை வரை பலரும், கணினி விளையாட்டுக்குக் கையில் பிடித்து இயக்கும் கருவியான கேம்பேடைப் பற்றியே கேட்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்து, இதில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் விசைப்படகு இன்ஜின் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். வீட்டில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி இருக்கிறது. பிள்ளைகளுக்காக யூஎஸ்பி கேம்பேடு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கார் ஓட்டும் விளையாட்டில், குச்சியைத் தொடாமலே கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. காலிபிரேட் செய்தால், அதாவது குச்சியின் நடுப்புள்ளியைக் கணினியில் திருத்தினால், இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. இதுவரை நான்கு முறை செய்துவிட்டேன். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குத் துப்புக் கொடுத்த வரி, ‘இரண்டு நாள் நன்றாக இருக்கிறது’ என்பதுதான். விண்டோஸில் கோளாறு இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் கிடைத்திருக்காது.

படகு ஒரு பக்கமாக இழுத்தால், சுக்கான் கோணிக்கொண்டதா, நீரோட்டம் தள்ளுகிறதா என்று பார்த்த பிறகுதானே கை வைப்பீர்கள்? இங்கேயும் அப்படியே. காலிபிரேட் செய்வதால் கேம்பேடுக்குள் எதுவும் மாறுவதில்லை. குச்சி நடுவில் நிற்கும்போது வரும் எண் இது, கடைசி வரை தள்ளும்போது வரும் எண் இது என்று விண்டோஸ் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. குச்சி தரும் எண்ணே நாளுக்கு நாள் மாறினால், எழுதிவைத்த குறிப்பு பொய்யாகிவிடும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அனலாக் குச்சிக்கும் அடியில் இரண்டு சிறிய மாறு மின்தடைகள் இருக்கின்றன. ஒன்று இடம் வலத்துக்கு, மற்றொன்று மேல் கீழுக்கு. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழில் இருப்பதைப் போலவே, கரிப்பூச்சுள்ள தடம் ஒன்றின் மேல் மெல்லிய உலோக நாக்கு ஒன்று உரசிச் செல்கிறது. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாற, கேம்பேடில் உள்ள சில்லு அதை எண்ணாக்கி அனுப்புகிறது. மலிவான கேம்பேடுகளில் பெரும்பாலும் அது 0 முதல் 255 வரையிலான எண்ணாக இருக்கும். நடுவில் 127 அல்லது 128 வர வேண்டும்.

அதை நேரில் பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, தேடும் கட்டத்தில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். வரும் பட்டியலில் உங்கள் கேம்பேடைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸ், அதற்குள் செட்டிங்ஸ், அதில் ரீசெட் டு டீஃபால்ட் என்று அழுத்தி, இதுவரை செய்த நான்கு திருத்தங்களையும் முதலில் அழித்துவிடுங்கள். அதன் பிறகு காலிபிரேட்டை அழுத்தி, குச்சியை வட்டமாகச் சுழற்றச் சொல்லும் பக்கம் வரை சென்று, டிஸ்ப்ளே ரா டேட்டா என்ற சிறு கட்டத்தில் குறியிட்டால், திருத்தப்படாத எண் அப்படியே தெரியும். கேம்பேடை மேசை மேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் அந்த எண்ணை மட்டும் கவனியுங்கள். பார்த்து முடித்ததும் கேன்சல் கொடுத்துவிட்டால் எதுவும் பதிவாகாது.

எண் 140 என்று வந்து அங்கேயே அசையாமல் நின்றால், குச்சியை நடுவுக்கு இழுக்கும் வில் தளர்ந்திருக்கலாம். அதற்குக் காலிபிரேட் செய்வது சரியான மருந்து. எண் 128, 119, 135 என்று துள்ளிக்கொண்டே இருந்தால், தடத்தில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது; எத்தனை முறை திருத்தினாலும் நிற்காது. காலையில் ஓர் எண்ணும் இரவில் வேறோர் எண்ணும் வந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், பின்னிரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாம்பனில் வீட்டுக்கு இரு பக்கமும் கடல். காற்றோடு வரும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எல்லாப் பொருளின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அந்த உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடுகிறது. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். மின்தடையின் முனைகளுக்கிடையே இப்படி ஒரு கள்ள வழி உண்டானால், பகலில் திருத்திய நடுப்புள்ளி இரவில் இடம் பெயர்ந்துவிடும். அலமாரிச் சாவியே துருப்பிடிக்கும் ஊரில் கேம்பேடு மட்டும் தப்பிக்குமா?

ஆகவே முதலில் சுத்தம் செய்யுங்கள். கணினியிலிருந்து கழற்றி, பின்பக்கத் திருகாணிகளை எடுத்து, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் பலகையைத் துடையுங்கள். குச்சியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மின்தடைகளின் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டு, முப்பது நாற்பது முறை சுழற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்த கேம்பேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது முதல் நாள் வழவழப்பாக இருக்கும், பிறகு மணலையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டு தடத்தையே அரித்துவிடும். இன்ஜின் வேலை தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்த பின் ஒரே ஒரு முறை காலிபிரேட் செய்யுங்கள். அப்போது ஒரு கவனம் தேவை: குச்சியை நடுவில் விட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று திரை கேட்கும்போது, பலரும் கேம்பேடைக் கையில் பிடித்தபடி அழுத்துவதால், கட்டைவிரல் குச்சியைச் சற்றே தள்ளிவிடுகிறது, தள்ளிய அந்த இடமே நடுப்புள்ளியாகப் பதிவாகிவிடுகிறது. மேசை மேல் வைத்து ஒற்றை விரலால் அழுத்துங்கள். கணினியில் செருகும்போது குச்சி எங்கே இருக்கிறதோ அதையே நடுவாக எடுத்துக்கொள்ளும் கேம்பேடுகளும் உண்டு என்பதால், செருகும்போதும் குச்சியைத் தொடாதிருப்பது நல்லது.

மிச்சமிருக்கும் சிறு நடுக்கத்தை விளையாட்டின் அமைப்புகளில் டெட் ஸோன் என்ற இடத்தில் சரிசெய்யுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி இவ்வளவு தூரம் வரை அசைவைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் அளவு அது. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடின் இடக் குச்சிக்கு 32,767 வரையிலான எண்ணில் 7,849 வரை ஒதுக்கிவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே நிரலாளர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது; கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. டெட் ஸோனைச் சுழியத்தில் வைத்தால்தான் கை பேசும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

விளையாடாத நேரத்தில் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்றில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேம்பேடை வைத்துவிடுங்கள். வாடைக்காற்று மாதங்களில் இது இன்னும் அவசியம்.

கேள்வி: என் கேம்பேடு பழைய விளையாட்டுகளில் நன்றாக வேலை செய்கிறது. தம்பி போட்டுக் கொடுத்த சற்றுப் புதிய விளையாட்டு, கேம்பேடு இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கேம்பேடு பழுதா, விளையாட்டுப் பழுதா?
– கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: இரண்டும் பழுதில்லை, இரண்டும் இரு வேறு மொழி பேசுகின்றன. விண்டோஸில் கேம்பேடுகள் முன்பு டைரக்ட் இன்புட் என்ற முறையில் பேசின. எந்த வடிவக் கேம்பேடானாலும், எத்தனை பொத்தான் இருந்தாலும், ‘பொத்தான் 1, பொத்தான் 2’ என்று எண்ணிச் சொல்லும் முறை அது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ் இன்புட் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. இதில் பொத்தான்களின் பெயரும் இடமும் முன்பே முடிவானவை. நான்கு கேம்பேடுகளுக்கு மேல் ஏற்காது. பின்னால் வந்த பல விளையாட்டுகள் எக்ஸ் இன்புட்டை மட்டுமே கேட்கின்றன.

உங்கள் கேம்பேடின் பின்புறத்திலோ அடியிலோ எக்ஸ், டி என்ற எழுத்துகளுடன் சிறு விசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எக்ஸ் பக்கம் தள்ளிவிட்டு, கழற்றிச் செருகினால் போதும். இல்லையென்றால், எக்ஸ்360சிஇ என்ற இலவச மென்பொருள் இடையில் நின்று மொழிபெயர்க்கும். அதில் 32 பிட், 64 பிட் என இரு வகை உண்டு. உங்கள் விண்டோஸின் வகையைப் பார்க்காமல், விளையாட்டு எந்த வகையோ அதற்கேற்றதை எடுக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லை ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடை டைரக்ட் இன்புட் கேட்கும் பழைய கார் விளையாட்டில் பயன்படுத்தினால், விரலால் இழுக்கும் இரண்டு ட்ரிகர்களும் ஒரே அச்சில் எதிரெதிர்த் திசைகளாகச் சேர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை மற்றொன்று கழித்துவிட, வேகமும் இல்லை, பிரேக்கும் இல்லை என்றாகும். அத்தகைய விளையாட்டில் பிரேக்கை வேறொரு பொத்தானுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

கேள்வி: விளையாடிக்கொண்டிருக்கும்போதே கேம்பேடு துண்டித்துக்கொண்டு, ஒரு சத்தத்துடன் மறுபடியும் இணைகிறது. இதற்கான டிரைவரை (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை) தருவதாகச் சில இணையதளங்கள் சொல்கின்றன. இறக்கலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: இறக்காதீர்கள். சாதாரண யூஎஸ்பி கேம்பேடுக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. அது இல்லாதிருந்தால் கேம்பேடு இணைந்தே இருக்காது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14உடன் பொதுப் பயனர்களுக்கு நின்றுவிட்ட நிலையில், முகம் தெரியாதவர் தரும் டிரைவரை அதில் ஏற்றுவது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதாகும்.

முன்பக்கத் துளையில் செருகியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே இருக்கின்றன, முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு கம்பி ஓடுகிறது. செருகியின் உலோகத்தில் பச்சை பூத்திருந்தால், முதல் பதிலில் சொன்ன ஆல்கஹாலால் துடையுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சேமிப்புக்காகச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வாப்பா தொண்ணூறுகளில் சபரிலிருந்து (வெளிநாட்டு வேலையிலிருந்து) திரும்பியபோது கொண்டுவந்த ஜாய்ஸ்டிக் ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதன் செருகியில் 15 ஊசிகள் இருக்கின்றன. எங்கள் கணினியின் மானிட்டர் துளையிலும் 15 ஓட்டைகள் இருந்தும் அது பொருந்தவில்லை. விண்டோஸ் 7இல் இதைப் பயன்படுத்த வழி உண்டா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பொருந்தாமல் போனது உங்கள் நல்ல காலம், இனி அழுத்திப் பார்க்காதீர்கள். மானிட்டருக்கான விஜிஏ துளையில் 15 ஓட்டைகளும் மூன்று வரிசையாக இருக்கும். ஜாய்ஸ்டிக் செருகியில் எட்டும் ஏழுமாக இரண்டே வரிசை. அது கேம் போர்ட் எனப்படும் வேறு இனம். 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியுடன் தனி அட்டையாக விற்றது. பின்னர் சவுண்ட் கார்டுகளோடு சேர்ந்தே வந்தது. பழைய சவுண்ட் கார்டின் பின்புறத்தில் பொன்னிறமாக ஓர் அகலத் துளை இருந்தால், அதுதான்.

அதன் உள்வேலை சுவையானது. ஜாய்ஸ்டிக்கில் இருப்பது வெறும் மின்தடை, ஏறத்தாழ 1 லட்சம் ஓம் வரை. அந்த மின்தடை வழியாக ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கணினி எண்ணிப் பார்த்து, குச்சி எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். எண்ணுவது பிராசசரே என்பதால், வேகமான கணினியில் அதே இடத்துக்குப் பெரிய எண் வரும். அக்காலத்து விளையாட்டு ஒவ்வொன்றும் தொடங்கும் முன் குச்சியை மூலைக்கு மூலை தள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி வரை கேம் போர்ட்டுக்கு ஆதரவு இருந்தது, விஸ்டாவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆகவே விண்டோஸ் 7இல் ஊசிகளை மட்டும் மாற்றி இணைக்கும் கம்பி பயன்படாது. மின்தடையை அளந்து யூஎஸ்பிக்கு எண்ணாக அனுப்பும் சில்லு உள்ள மாற்றி வேண்டும். அதற்குச் செலவழிக்கும் முன், ஜாய்ஸ்டிக்கின் குச்சி நடுவுக்குத் திரும்புகிறதா, மல்டிமீட்டரில் மின்தடை சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். முப்பது ஆண்டு உப்புக் காற்றைத் தாங்கியிருந்தால், வாப்பாவின் நினைவுக்காகவாவது அந்தச் செலவு தகும் என்பேன்.

அதே காலத்து டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டுகளை ஆடுவது மட்டுமே நோக்கமென்றால், டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இன்றைய யூஎஸ்பி கேம்பேடையே பழைய கேம் போர்ட் ஜாய்ஸ்டிக்காக விளையாட்டுக்குக் காட்டும். அதிலும் கார் ஒரு பக்கம் இழுத்தால், கேம்பேடைத் திறக்கும் முன், டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஜாய்ஸ்டிக் பகுதிக்குச் சென்று, டைம்டு என்ற வரியில் ட்ரூ என்றிருப்பதை ஃபால்ஸ் என்று மாற்றிப் பாருங்கள்.