"பார்த்துட்டுச் சொல்றேன்மா, உட்காருங்க"

மதிப்பிற்குரிய அம்மா,

இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ஆறு வருஷமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். அமாவாசை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு வருகிறவர்கள் என்னிடம்தான் கத்துகிறார்கள். வெந்நீர் வராவிட்டாலும் நான்தான், ஆட்டோக்காரர் அதிகக் காசு கேட்டாலும் நான்தான். முந்தாநாள் ஒருத்தர் சாவியைக் கவுன்ட்டரில் விசிறி அடித்தார். சிரித்துக்கொண்டே நின்றேன். "முகத்தை மாத்தாதேம்மா" என்கிறார் மேனேஜர். வெந்நீருக்கு நான் என்ன செய்ய? கடலுக்குப் போய் வரும் என் வீட்டுக்காரருக்கோ இது "ஃபேன் காத்துல உட்கார்ற வேலை". ராத்திரி வீட்டில் யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. போன வாரம், இரண்டாவது படிக்கும் மகள் முழங்கால் சிராய்த்து அழுதுகொண்டு வந்தாள். "பார்த்துட்டுச் சொல்றேன்மா, உட்காருங்க" என்றேன், என்னையே பார்த்தாள், அதை விடுங்கள். அந்தச் சாவிக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்றுதான் ஆறவில்லை. வேலையை விட்டுவிடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. பெற்ற பிள்ளையை "உட்காருங்க" என்றது கவுன்ட்டர் குரல். நாள் முழுக்க ஓடியது, வீட்டிலும் தானாக ஓடியிருக்கிறது. அன்பு குறைந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார்: உணர்ச்சியை ஆள்வதும் கூலிக்குச் செய்யும் உழைப்புதான். உள்ளே கொதிக்க, உதட்டை மட்டும் விரிப்பது ஒரு வகை. எதிரே நிற்பவர் நிலையை நினைத்து மனசையே கொஞ்சம் இளக்கிக்கொள்வது இன்னொரு வகை. ஆளை அரிப்பது முதல் வகை. முகத்தை அடக்கினாலும் கோபம் குறையாது, உடம்புதான் உள்ளே முறுக்கேறும்.

கோபிக்காமல் கேளுங்கள். அமாவாசைக்கு வருகிறவர் எதற்கு வருகிறார்? செத்துப்போன அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திதி கொடுக்க. ஈரத்தில் நடுங்கி நிற்கும் அந்தத் துக்கத்தை ஆறு வருஷமாக நீங்கள் வெந்நீர்ப் புகாராக மட்டுமே கேட்டிருக்கிறீர்கள்.

சாவியை எறிந்தது தப்புதான். அதற்குச் சிரித்திருக்க வேண்டியதில்லை. குரலை உயர்த்தாமல், சிரிக்காமல், "ஐயா, கையில கொடுங்க, பேசலாம்" என்றால் போதும். மரியாதைக்குச் சிரிப்பு கட்டாயமில்லை. 15 லிட்டர் கீசர் சூடேறக் கால்மணி நேரம் ஆகும், முதல் ஆள் குளித்ததும் தீர்ந்துவிடும். சாவி கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். பாதிச் சத்தம் எழும்பாது. கத்தியவர் நகர்ந்ததும் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து தடவை.

வீட்டுக்காரரிடம் சாவி விஷயத்தைச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவரிடமும் லாட்ஜ் சிரிப்பைத்தான் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிறகு அவருக்கு எப்படித் தெரியும்?

வேலையை விடுவதை அப்புறம் பார்க்கலாம். இன்று ராத்திரி முகம் கழுவி, வேலைச் சேலையை மாற்றிவிட்டு மகளிடம் போங்கள். "அன்னைக்கு அம்மா லாட்ஜ்ல பேசுற மாதிரி பேசிட்டேன். ரொம்ப வலிச்சுச்சா?" என்று கேளுங்கள். காயம் பொருக்கு விட்டிருக்கும். ஆனாலும் முழங்காலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.