பூனைக் கடி: சிறு துளைதானே என்று விடலாமா?

கேள்வி: நேற்று என் வளர்ப்புப் பூனை விரல் மூட்டருகே கடித்துவிட்டது. ஊசி குத்தியது போன்ற சிறு துளைதான். ஆனால் இன்று விரல் வீங்கிச் சிவந்து வலிக்கிறது. தானாக ஆறிவிடுமா?

பதில்: காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாயின் பல் பெரும்பாலும் தோலைக் கிழிக்கும். பூனையின் பல்லோ மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருப்பதால், அதன் வாயில் இயல்பாக வாழும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்களைத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் செலுத்திவிடக்கூடும். மேலே துளை மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். கடித்த 24 மணி நேரத்துக்குள் வீக்கமும் வலியும் தோன்றுவது பாஸ்டுரெல்லாவின் இயல்பு. விரலை மடக்க முடியாமற்போனாலோ, கையில் சிவப்புக் கோடு மேலேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை (பலரும் செய்கிற தவறு இது) விழுங்காதீர்கள். செஃபலெக்சின், எரித்ரோமைசின் போன்றவை பாஸ்டுரெல்லாவைச் சரிவரக் கட்டுப்படுத்துவதில்லை. பொதுவாக அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்தே தரப்படுகிறது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ரேபிஸ், டெட்டனஸ் தடுப்பூசிகள் பற்றியும் மருத்துவரிடமே கேளுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும், நாய், பூனைகளின் உமிழ்நீரிலுள்ள கேப்னோசைட்டோஃபேகா என்னும் பாக்டீரியா இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அவர்கள் சிறு கீறலுக்கும் மருத்துவரை அணுக வேண்டும்.